ஆடுகோடி நண்பர்களும் பெங்களூரின் சிற்றுண்டிக் கடைகளும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கைந்து பேராகச் சேர்ந்து கிளம்பி, ஊரின் ஏதோ ஒரு மூலையில் பேர்பெற்ற சிற்றுண்டிக் கடையைத் தேடிப் போய்ச் சாப்பிட்டுத் திரும்புவது, பெங்களூருக்கு வேலைக்கு வந்த தமிழ் இளைஞர்களிடம் 2000க்குப் பிறகு நன்றாக ஊறிய வழக்கம். கையில் காசு குறைவு, ஊர் புதிது, மொழி பாதிதான் புரியும். பெரிய ஓட்டல்கள் கட்டுப்படியாகாது. நின்றபடி சாப்பிடும் கடைகளும், மேசையைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் பழைய உணவகங்களும் கட்டுப்படியாகும். இந்த நகரத்தில் அப்படிப்பட்ட கடைகள் ஏராளம்; அவற்றில் பல நூற்றாண்டை நெருங்கியவை அல்லது தாண்டியவை. 2000களின் நடுவில் ஆடுகோடியில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த நான்கு நண்பர்களின் நினைவுகளைக் கொண்டு இந்த வழக்கத்தை இங்கே விவரிக்கலாம்.

ஆடுகோடி ஓசூர் சாலையை ஒட்டியது. ஒரு பக்கம் வில்சன் கார்டன், லக்கசந்திரா. மறு பக்கம் கோரமங்களா. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தோடு இணைந்து 1951இல் தொடங்கிய மைக்கோ என்ற மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கேதான் எழுந்தது. பால் ஆராய்ச்சி நிலையமும் பால்பண்ணையும் அருகருகே இருப்பதால் பக்கத்துச் சந்திப்புக்கு டெய்ரி சர்க்கிள் என்றே பெயர். ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளிகள், காவலர் குடியிருப்பு, மருத்துவமனைக்கு வந்து போவோர், கல்லூரி மாணவர் என்று எல்லா நேரமும் பசியோடு ஆட்கள் நடமாடிய இடம் இது. 2004இல் ஓசூர் சாலையில் ஃபோரம் மால் திறந்ததும் கூட்டம் இன்னும் பெருகியது. தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கும் பகுதி என்பதால் மளிகைக் கடையிலும் காய்கறி வண்டியிலும் தமிழே போதும். வெள்ளிக்கிழமை இரவு தமிழ்நாட்டுக்குக் கிளம்பும் பேருந்துகளைப் பிடிக்கும் மடிவாளாவும் கிட்டத்தில்தான். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இங்கே வீடு பார்த்ததற்கு இவையெல்லாம் காரணம்.

நால்வரும் நான்கு ஊர்க்காரர்கள்: நாகர்கோவில், கும்பகோணம், மதுரை, கிருஷ்ணகிரி. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பெங்களூர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு, ஆளுக்குக் கொஞ்சம் கடன் வாங்கித்தான் அந்த முதல் மாடி வீட்டைப் பிடித்தார்கள். வார நாட்களில் இரவுக்கு மட்டும் சமையல். பெரும்பாலும் சோறு, ரசம், ஆம்லெட். ஞாயிறன்று அடுப்பு பற்றவைப்பதில்லை என்பது முதல் மாதமே ஏற்பட்ட முடிவு. எங்கே போவது என்பதை முறை வைத்து ஒருவர் சொல்வார், மற்றவர்கள் மறுக்கக் கூடாது. ஆட்டோ கிடையாது, பேருந்தும் நடையும்தான். ஆளுக்கொரு பண்டம் வாங்கி நால்வரும் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒருவரே பணம் கொடுத்து நோட்டில் எழுதி வைப்பார், மாதக் கடைசியில் கணக்கைப் பைசல் செய்வார்கள். அலுவலகம் தந்த சோடெக்சோ கூப்பன்களை எந்தக் கடை வாங்கும் என்ற தகவல் அந்தக் காலத்தில் பெரிய செல்வம்.

தேடல் தெருமுனையில் தொடங்கியது. பெங்களூரில் எந்தப் பேட்டையிலும் ஓர் ஐயங்கார் பேக்கரி இருக்கும். ஹாசன் மாவட்டத்து ஐயங்கார்கள் நகரத்துக்கு வந்து தொடங்கிய தொழில் இது. இவற்றில் முன்னோடியாகச் சொல்லப்படுவது, எச்.எஸ்.திருமலாச்சார் 1898இல் சிக்பேட்டையில் தொடங்கிய பி.பி. பேக்கரி. முட்டை சேர்க்காத கேக், உள்ளே உருளைக்கிழங்கு மசாலா வைத்த பன், மிளகாயும் வெங்காயமும் கொத்தமல்லியும் போட்டுப் பிசைந்து சுட்ட கார பன், தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ஆகியவை எந்த ஐயங்கார் பேக்கரியிலும் கிடைக்கும். கார பன்னை இரண்டாக வகுந்து வெண்ணெய் தடவித் தரச் சொல்லலாம் என்று அண்டை வீட்டு மைக்கோ தொழிலாளி சொல்லித்தான் நால்வருக்கும் தெரிந்தது. சம்பளத்துக்கு முந்தைய வாரங்களில் பல இரவுகள் அந்தப் பன்னும் ஒரு டீயுமாகவே கழிந்தன.

அடுத்தது தர்ஷினி. ஆர்.பிரபாகர் 1983இல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி என்ற கடையைத் திறந்தார். வாசலில் பணம் கட்டி டோக்கன் வாங்கி, கண்ணெதிரே சமைப்பதைப் பார்த்து, தட்டைத் தானே எடுத்துவந்து, நெஞ்சுயர மேசையில் வைத்து நின்றபடியே சாப்பிடும் ஏற்பாடு. நாற்காலி இல்லை, பரிமாறுபவர் இல்லை, டிப்ஸ் இல்லை. இடமும் ஆள்செலவும் மிச்சம் என்பதால் விலை குறைந்தது. சமையலறையை மறைக்கச் சுவர் இல்லாததால் சுத்தமும் கூடியது. சில ஆண்டுகளிலேயே நகரமெங்கும் இதே முறையில் கடைகள் பெருகி, தர்ஷினி என்பது ஒரு வகைக் கடைக்கே பெயராகிவிட்டது. கூலித் தொழிலாளியும் கார் ஓட்டி வந்த அதிகாரியும் ஒரே மேசையில் முழங்கை உரச நின்று இட்லி சாப்பிடுவதை இந்த நகரம் இயல்பாக எடுத்துக்கொண்டதில் தர்ஷினிக்குப் பெரிய பங்கு உண்டு. பெங்களூர் நாட்டுக்குத் தந்த நல்ல கண்டுபிடிப்புகளில் இதையும் தயங்காமல் சேர்க்கலாம்.

தமிழ் நாக்குக்கு முதல் சோதனையும் தர்ஷினியில்தான் வந்தது. உடுப்பி வழி வந்த சாம்பாரில் வெல்லம் சேரும். நாகர்கோவில்காரர் முதல் வாய் வைத்ததுமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணா, காரமா வேற சாம்பார் இருக்கா?" என்று மதுரைக்காரர் கவுன்டரில் கேட்க, "இதே சாம்பார் சார்" என்று பதில் வந்தது. அதன்பிறகு கொஞ்ச நாள், எங்கே போனாலும் 'நம்ம ஊர் சாம்பார்' கிடைக்குமா என்பதே பேச்சாக இருந்தது. அந்தக் கேள்வியோடு போன கடைகளில் எதையும் அவர்கள் ரசிக்கவில்லை. வெல்லம் போட்ட சாம்பாரில் இட்லியை ஊறவைப்பதைவிட உளுந்து வடையை ஊறவைத்தால் நன்றாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த பிறகுதான், ஒவ்வொரு கடையையும் அதனதன் முறைப்படி சாப்பிட்டுப் பார்க்கும் பொறுமை வந்தது. காராபாத்தும் கேசரிபாத்தும் ஒரே தட்டில் பாதிப் பாதியாக வரும் சௌசௌபாத்தை, காரத்துக்கும் இனிப்புக்கும் மாறி மாறிக் கரண்டியை ஓட்டிச் சாப்பிட வேண்டும் என்பதும் அப்படித்தான் புரிந்தது.

பை-டூ முறையும் தர்ஷினியிலிருந்தே பழகியது. ஒரு காபி வாங்கி அதை இரண்டு சிறு தம்ளரில் பகிர்ந்து தரச் சொல்வது பெங்களூரில் எல்லா வர்க்கத்தாரிடமும் உள்ள வழக்கம். கேட்பவர் கூசுவதில்லை, கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை. "எரடு காபி, பை டூ" என்றால் நால்வருக்கும் ஆளுக்கு மூன்று மடக்குக் காபி. இந்தியாவில் விளையும் காபியில் ஏறத்தாழ 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. சிக்மகளூரும் குடகும் பக்கத்திலேயே இருக்கின்றன. அதனால் சின்னக் கடையில்கூட டிகாஷன் புதிதாக இருக்கும். கும்பகோணத்துக்காரர் பல மாதம் வாதாடிவிட்டு, தன் ஊர்க் காபியில் பால் நன்றாக இருக்கும், இந்த ஊர்க் காபியில் டிகாஷன் நன்றாக இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். மற்ற மூவரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

நகரத்தின் பழைய சிற்றுண்டி மரபு தெற்கே, லால்பாக்கையும் பசவனகுடியையும் சுற்றித்தான் செறிந்திருக்கிறது. ஆடுகோடியிலிருந்து இது நடை தூரம். சித்தாபுரா பக்க வாசலில் லால்பாக்குக்குள் நுழைந்து, ஏரிக்கரையையும் பாறையையும் கடந்து, வடக்கு வாசலில் வெளியேறினால் கொஞ்ச தூரத்தில் எம்.டி.ஆர். என்ற மாவள்ளி டிபன் ரூம்ஸ். காலை நடைக்கு வந்தவர்களோடு கலந்து நடந்தால் பசியும் நன்றாக எடுக்கும்.

எம்.டி.ஆர். 1924இல் தொடங்கியது. உடுப்பிக்கு அருகே கோட்டா பக்கத்திலிருந்து வந்த பரமேஸ்வர மையா, தம்பிமாரோடு சேர்ந்து, பிராமின் காபி கிளப் என்ற பெயரில் நடத்தினார். தம்பி யக்ஞநாராயண மையா 1951இல் ஐரோப்பா போய் அங்கே உணவகங்கள் நடக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்து, பாத்திரங்களையும் தம்ளர்களையும் கொதிநீரில் கழுவும் கண்டிப்பைக் கொண்டுவந்தார். 1960இல் இப்போதுள்ள கட்டடத்துக்கு மாறியபோது மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்ற பெயரும் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்து அங்கிருந்து வரும் அரிசி நின்றபோது, அரிசிக்குப் பதில் ரவையில் இட்லி செய்து பார்த்தார்கள். இன்று நாடெங்கும் தெரிந்த ரவா இட்லி பிறந்தது இப்படித்தான். அவசரநிலைக் காலத்தில் உணவுப் பண்டங்களுக்கு அரசு விலை நிர்ணயித்தபோது, அந்த விலைக்குத் தரத்தைக் காப்பாற்ற முடியாது என்று கடையை மூடி, மாவுக் கலவைகளைப் பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பொட்டல வியாபாரம் 2007இல் நார்வே நாட்டு ஆர்க்லா நிறுவனத்தின் கைக்குப் போனது. உணவகம் மையா குடும்பத்திடமே இருக்கிறது.

ஞாயிறு காலை அங்கே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே பழைய மரச் சாமான்கள், சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள். நால்வருக்குத் தனி மேசை என்பதெல்லாம் கிடையாது. இரண்டு இடம் இங்கே, இரண்டு இடம் அங்கே என்று முன்பின் தெரியாத குடும்பத்தோடு உட்கார வைப்பார்கள். ரவா இட்லி சற்றுப் பெரிதாக, மேலே முந்திரியும் ஒரு கொத்தமல்லி இலையும் ஒட்டியிருக்க, ஆவி பறக்க வரும். கூடவே உருளைக்கிழங்கு சாகு, பச்சைச் சட்னி, சின்னக் கிண்ணத்தில் உருக்கிய நெய். நெய்யை முழுவதும் இட்லியின் மேல் ஊற்றிவிட வேண்டும்; ரவை அதை இழுத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் விட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் எதிரில் உட்கார்ந்திருந்த வயதான கன்னடத்து அம்மா. புதியவர்கள் நெய்யைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், "ஹாக்கோளி, ஹாக்கோளி" என்று தன் கையாலேயே ஊற்றிவிட்டார். கன்னடத்தில் அவர்கள் முதலில் உருப்படியாகக் கற்றதும் அதுபோன்ற சொற்களைத்தான். கடைசியில் வெள்ளித் தம்ளரில் காபி வரும். அதை மட்டும் அங்கே யாரும் பை-டூ கேட்டதில்லை.

பசவனகுடியின் காந்தி பஜாரில் உள்ள வித்யார்த்தி பவன் 1943இல் தொடங்கியது. சுற்றியிருந்த பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக வெங்கடரமண உராள் தொடங்கிய சின்னக் கடை அது. 1970இல் ராமகிருஷ்ண அடிகா எடுத்து நடத்தினார். சுவரெங்கும் கன்னட எழுத்தாளர்கள், கலைஞர்களின் கோட்டோவியங்கள். மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும் டி.வி.குண்டப்பாவும் நடமாடிய பேட்டை இது. வீட்டில் தமிழ் பேசி, கன்னடத்தில் எழுதி, ஞானபீட விருது பெற்ற மாஸ்தியின் படத்துக்குக் கீழே இடம் கிடைத்தால் கும்பகோணத்துக்காரருக்கு அன்று தனி மகிழ்ச்சி.

வித்யார்த்தி பவனில் பார்க்க வேண்டியது பரிமாறுபவரின் கை. வேட்டி கட்டிய அவர் சமையலறையிலிருந்து வரும்போது, இடது உள்ளங்கையில் தொடங்கித் தோள் வரை தோசைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கியிருப்பார். பத்துக்கு மேல் இருக்கும். கூட்டத்துக்கு நடுவே ஒடுங்கி நடந்து, வலது கையால் ஒவ்வொரு தட்டாக உருவி மேசையில் வைப்பார், அடுக்கு கலையாது. தோசை தமிழ்நாட்டு ரோஸ்ட் மாதிரி மெல்லிசாக இருக்காது. வெளியே செம்பழுப்பாக மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சாகவும், நெய் மினுங்க, கைக்குள் அடங்கும் அளவில் இருக்கும். பின்னாலேயே வாளியில் நீர்ச் சட்னி வரும். தோசையின் மேலேயே ஊற்றட்டுமா, பக்கத்தில் ஊற்றட்டுமா என்று கேட்டு ஊற்றுவார்கள். இரண்டு விதமாகவும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மதுரைக்காரர் பக்கத்தில் என்றார், மற்ற மூவரும் மேலே என்றார்கள். அந்தக் கருத்து வேறுபாடு கடைசிவரை தீரவில்லை. வாசலில் காத்திருப்பவர்களின் பெயரைக் கூப்பிடும்போது தமிழ்ப் பெயர்கள் கன்னட வாயில் கொஞ்சம் உருமாறி வரும். காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பார் 1965இலிருந்து நடக்கிறது. இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், காபி, டீ; பட்டியல் அவ்வளவுதான். சாம்பார் கிடையவே கிடையாது. தட்டை வாங்கிக்கொண்டு தெருவோரத்திலோ பக்கத்து வீட்டுத் திண்ணையோரத்திலோ நின்று சாப்பிட வேண்டும். சட்னிக்கென்றே ஒருவர் பாத்திரத்தோடு நிற்பார். எத்தனை தடவை தட்டை நீட்டினாலும் முகம் கோணாமல் ஊற்றுவார். சாம்பாருக்காக முதல் மாதம் முழுக்கப் புலம்பிய நாகர்கோவில்காரர், சாம்பாரே இல்லாத இந்தக் கடையைத்தான் தன் முறை வரும்போதெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். தேங்காயும் பச்சைமிளகாயும் பொட்டுக்கடலையும் அரைத்த அந்தச் சட்னியில் இட்லி மூழ்கிக் கிடக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

மல்லேஸ்வரத்தில் 1920களில் தொடங்கிய சென்ட்ரல் டிபன் ரூம், சுருக்கமாக சி.டி.ஆர்., வெண்ணெய் மசாலா தோசைக்குப் பேர்போனது. ஆடுகோடியிலிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து மெஜஸ்டிக்கில் பேருந்து மாற வேண்டும் என்பதால் அங்கே போனது அபூர்வம். வித்யார்த்தி பவனா, சி.டி.ஆரா என்று பெங்களூர்க்காரர்கள் காலகாலமாக நடத்தும் சண்டையில் ஆடுகோடி வீடு தெற்குப் பக்கமே நின்றது.

பெங்களூர் என்றால் சைவச் சிற்றுண்டி மட்டும்தான் என்று வெளியூரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அது தவறு. மிலிடரி ஓட்டல் என்ற அசைவ உணவக மரபு இந்நகரத்தில் வேரூன்றியது. மராட்டியக் குடும்பங்கள் நடத்தும் பழைய கடைகள் பல இன்றும் உண்டு. ஜெயநகர் எட்டாம் பிளாக்கில் உள்ள சிவாஜி மிலிடரி ஓட்டல் அவற்றில் பெயர்பெற்றது. இங்கே கிடைப்பது தொன்னை பிரியாணி. புதினாவும் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் அரைத்துப் போட்டதால் சோறு வெளிறிய பச்சையாக இருக்கும்; பொடியான, கமகமக்கும் சீரகச் சம்பா அரிசி. பாஸ்மதி பிரியாணிக்குப் பழகிய அலுவலக நண்பர்களுக்கு இது பிடிபடவில்லை. திண்டுக்கல் பிரியாணி தின்று வளர்ந்த மதுரைக்காரருக்கு முதல் கவளத்திலேயே வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. தாமதமாகப் போனால் சட்டி காலியாகிவிடும். பதினொரு மணிக்கே வரிசையில் நின்று, மத்தியானச் சாப்பாட்டைக் காலைச் சாப்பாட்டோடு சேர்த்து முடித்துவிடுவார்கள். ராகி முத்தேயை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்பது கிருஷ்ணகிரிக்காரருக்கு மட்டும் பிறவியிலேயே தெரியும். அவர் ஊரில் அது களி. மற்றவர்கள் அவரைப் பார்த்துப் பழகினார்கள்.

ஆந்திர உணவகங்கள் இன்னொரு பெரிய கிளை. ரெசிடென்சி சாலையில் 1984இல் தொடங்கிய நாகார்ஜுனா அவற்றில் முன்னணியில் நிற்பது. வாழையிலை, பருப்புப் பொடி, நெய், பப்பு, கோங்குரா, கேட்கக் கேட்க வரும் சோறு. சம்பளம் வந்த வாரம் இங்கே போவது வழக்கம். நாலு வாய்ச் சோறு அதிகம் தின்றாலும் அதே விலைதான் என்பதால் காலையில் டீயோடு நிறுத்திவிட்டுப் போவார்கள். காரம் கண்ணில் நீர் வரவைக்கும்; மோரைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கத் தெரிந்தவன் பிழைத்தான்.

ஆடுகோடியிலிருந்து ஓசூர் சாலையில் வடக்கே போனால் ரிச்மண்ட் டவுனின் ஓரத்தில் ஜான்சன் மார்க்கெட். ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் குதிரை வியாபாரத்துக்காக வந்த ஆகா அலி அஸ்கரின் குடும்பத்தாருடைய லாயம் இருந்த இடம் இது என்பார்கள். மார்க்கெட் கட்டடம் 1929இல் எழுந்தது. இதைச் சுற்றி மாலையில் கரி அடுப்புகள் புகையத் தொடங்கும். ஃபனூஸ் கடையில் சீக் கபாபை ரொட்டியில் சுருட்டி, வெங்காயமும் புதினாச் சட்னியும் வைத்துத் தருவார்கள். அதை வாங்கி நடைபாதையில் நின்று தின்றுவிட்டு, பக்கத்தில் ஒரு சுலைமானி டீ குடித்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது. வேலை முடிந்து எட்டு மணிக்குமேல் திரும்பும் நாட்களில் சமையலுக்குச் சோம்பல் பட்டவர்களை இந்தக் கடைதான் காப்பாற்றியது. ரம்ஜான் மாதத்தில் ஃபிரேசர் டவுனின் மசூதிச் சாலைக்கும், 1902இலிருந்து இருக்கும் ஆல்பர்ட் பேக்கரியின் கீமா சமோசாவுக்கும் போவதுண்டு. ஹலீம் என்ற பண்டத்தை நால்வரில் மூவர் முதன்முதலாகத் தின்றது அங்கேதான்.

எம்.ஜி. சாலைப் பக்கம் போவது தின்பதற்கு மட்டும் அல்ல, உட்கார்ந்து பேசுவதற்கு. இந்தியா காபி ஹவுஸ், வேலையிழந்த ஊழியர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து நடத்தும் அமைப்பு. அந்தச் சங்கங்களில் முதலாவது 1957 ஆகஸ்டில் பெங்களூரில் உருவானது. வெள்ளுடையும் தலைப்பாகையும் அணிந்த ஊழியர்கள், பழைய விளம்பரப் படங்கள், முட்டைப் பொரியல் வைத்த டோஸ்ட், மட்டன் கட்லெட். ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். வேலை போய்விடுமோ என்று 2008 கடைசியில் எல்லா அலுவலகங்களிலும் பேச்சு இருந்த மாதங்களில், நால்வரும் அங்கேதான் மனம்விட்டுப் பேசினார்கள். அவர்களில் ஒருவருக்கு உண்மையிலேயே வேலை போனது. அடுத்த வேலை கிடைக்கும்வரை கணக்கு நோட்டில் அவர் பெயருக்கு எதிரே எதுவும் எழுதக் கூடாது என்று மற்றவர்கள் முடிவெடுத்ததும் அந்த மேசையில்தான். 2009இல் எம்.ஜி. சாலைக் கட்டடத்தை விட்டுக் காபி ஹவுஸ் சர்ச் தெருவுக்கு மாறியது. கடைசி நாட்களில் வரிசையில் நின்று இடம்பிடித்துக் காபி குடித்தவர்களில் இவர்களும் உண்டு. செயின்ட் மார்க்ஸ் சாலையில் கோஷீஸ் உணவகமும் பேச்சுக்குப் பேர்போனதுதான். அங்கே ஆப்பமும் ஸ்டூவும் நன்றாக இருக்கும், ஆனால் விலை யோசிக்க வைக்கும்.

விஸ்வேஸ்வரபுரத்தில் சஜ்ஜன்ராவ் சர்க்கிள் அருகே உள்ள தின்பண்டத் தெருவுக்கு மாலையில்தான் போக வேண்டும். 1953இலிருந்து இருக்கும் வி.பி. பேக்கரி ஒரு முனையில். அங்கிருந்து தட்டே இட்லி, அக்கி ரொட்டி, ஹோளிகே, மிளகாய் பஜ்ஜி, குல்கந்து ஐஸ்கிரீம் என்று வண்டியும் கடையுமாக நீளும். இங்கே நால்வர் பங்கிட்டுச் சாப்பிடும் முறை மிகவும் பயன்பட்டது. இல்லாவிட்டால் மூன்றாவது கடையிலேயே வயிறு நிறைந்துவிடும். குளிர்காலத்தில் அவரைக்காய் சீசனில் தெரு முழுக்க அதன் வாசம்தான். ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பில் தோசை, உப்புமா, ரொட்டி, மிக்ஸர், ஜிலேபிகூடச் செய்வார்கள். கிருஷ்ணகிரிக்காரர் வீட்டில் மார்கழி, தை மாதங்களில் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்காத வாரம் இருக்காது. பெங்களூரில் அவர் தன் அம்மாவை அழைத்துவந்து காட்டிய ஒரே இடம் இந்தத் தெருதான். அந்த அம்மா பாத்திரத்தைப் பார்த்ததுமே, "பருப்பு முத்திப்போச்சு, இன்னும் ஒரு வாரம் முன்னாடி பறிச்சிருக்கணும்" என்று சொன்னது நால்வருக்கும் மறக்கவில்லை.

2011 அக்டோபரில் நம்ம மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2017 ஜூனில் பச்சைத் தடம் லால்பாக்கையும் பசவனகுடியையும் எட்டியது. அதற்குள் ஆடுகோடி வீடு கலைந்திருந்தது. ஒருவர் திருமணமாகி ஒயிட்ஃபீல்டுக்குப் போனார், ஒருவர் சென்னைக்குத் திரும்பினார், ஒருவர் வெளிநாடு, ஒருவர் மட்டும் கோரமங்களா பக்கம். வீட்டுக்கே சாப்பாடு கொண்டுவரும் ஸ்விக்கி 2014இல் தொடங்கியது இதே கோரமங்களாவில்தான். அது வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று முறை வைத்துப் பேச வேண்டிய அவசியம் புதிய வாடகை வீடுகளில் குறைந்துவிட்டது. வசதியைக் குறை சொல்ல முடியாது. மழையிலும் நோயிலும் அது பேருதவி. ஆனால் வித்யார்த்தி பவன் தோசையைப் பொட்டலத்தில் அடைத்து அரை மணி நேரம் கழித்துத் தின்றால், மொறுமொறுப்பு போய்த் துவண்ட தோசைதான் கிடைக்கும். எம்.டி.ஆரில் நெய்யை ஊற்றச் சொல்லும் எதிர்மேசைக்காரரும் பொட்டலத்தோடு வரமாட்டார். இந்தக் கடைகளை அந்தந்த இடத்துக்குப் போய்ச் சாப்பிடுவதே சரி.

பெங்களூருக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் தனியாகப் போகாமல் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொண்டு போகலாம். பண்டங்களைப் பங்கிடலாம், காத்திருக்கும் நேரமும் தெரியாது. விடுமுறை நாளைப் பார்த்துக் கிளம்புவது முக்கியம். வித்யார்த்தி பவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, லால்பாக் சாலை எம்.டி.ஆருக்குத் திங்கட்கிழமை. பிராமின்ஸ் காபி பார் ஞாயிறன்று திறப்பதில்லை. நாகர்கோவில்காரரின் முறை வந்த வாரங்களில் மட்டும் நால்வரும் சனிக்கிழமை காலையிலேயே சங்கரபுரத்துக்குக் கிளம்பியது அதனால்தான்.